தேதி இல்லாத வெள்ளம்: கைப்பேசியில் செய்தி போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடியில் மேட்டூர் நிரம்பிவிட்டால், கொள்ளிடக் கரையில் இருக்கும் என் அத்தை ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு ஒரு வீடியோ அனுப்புவார். தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே பாலத்தின் ஒரு பகுதி பெயர்ந்து ஆற்றில் சாய்கிறது. பின்னால் யாரோ அலறுகிறார்கள். "தம்பி, மாட்டை அவுத்துக்கிட்டு மேட்டுக்குப் போயிடவா?" என்று அத்தை கேட்பார்.

அது 2018 ஆகஸ்ட் 22 அன்று திருச்சி பக்கம் முக்கொம்பில் எடுத்த காட்சி. கொள்ளிடம் கதவணையின் ஒன்பது மதகுகள் அன்று அடித்துச் செல்லப்பட்டன. அதன் பக்கத்தில் இப்போது புதுக் கதவணையே கட்டியாகிவிட்டது. எனக்கு மட்டும் அந்த வீடியோ மூன்று வெவ்வேறு வருடங்களில் வந்திருக்கிறது. காட்சியில் பொய் எதுவும் இல்லை, தேதி மட்டும்தான் இல்லை. அந்த ஒரு குறைக்காக எழுபது வயதுப் பெண்மணி இருட்டில் கரையேறப் பார்த்தார்.

திருவாரூர் பக்கம் ஒரு நாளிதழுக்கு இருபது வருடங்களுக்கு மேல் பகுதி நேர நிருபராக இருந்தேன். இப்போது கைப்பேசியும் காலர் மைக்கும் வைத்துக்கொண்டு யூடியூபில் ஊர்ச் செய்தி போடும் பிள்ளைகள் என்னைத் தேடி வருகிறார்கள். "இதுங்களுக்கு எதுக்கு இந்த வேலை" என்று பெரியவர்கள் முணுமுணுப்பதை நான் ஏற்பதில்லை. திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் 1878இல் நண்பர்களோடு 'தி இந்து'வைத் தொடங்கியபோது அவருக்கு வயது 23. நான்கு வருடம் கழித்துத் தமிழில் 'சுதேசமித்திரன்' கொண்டுவந்தார். திருவாரூரில் 1942இல் 'முரசொலி' துண்டறிக்கையாக வெளிவந்தபோது மு. கருணாநிதிக்கு வயது 18. சின்ன வயதில் செய்தி சொல்லக் கிளம்புவது இந்த மண்ணுக்குப் பழக்கமான காரியம்.

ஆனால் எங்கள் காலத்தில் சம்பவத்துக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு ராத்திரி இருந்தது. செய்தியைக் கையால் எழுதி, ஃபிலிம் ரோலோடு கவரில் போட்டு, திருச்சி பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவோம். அலுவலகத்தில் ஒரு துணை ஆசிரியர் அதைப் பிரித்துப் படித்துவிட்டுப் போன் அடிப்பார். "எத்தனை பேர்? யார் சொன்னது? ஆஸ்பத்திரியில் கேட்டாயா? எதிர்த் தரப்பு என்ன சொல்கிறது?" எரிச்சலாக இருக்கும். இன்று அந்த ராத்திரியும் இல்லை, அந்தப் போனும் இல்லை. நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் காலியிடத்தில்தான் முளைக்கின்றன. துணை ஆசிரியர் கேட்ட கேள்விகளை இப்போது பதிவு போடுகிறவரே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேதியையும் இடத்தையும் விட்டுவிடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. தென்னை சாய்ந்தது, மின்கம்பம் சாய்ந்தது, செல்போன் கோபுரங்களும் செத்தன. சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து பிள்ளைகள் போட்ட பதிவுகளைப் பார்த்துத்தான் வெளி மாவட்டங்களிலிருந்து வண்டிகள் கிளம்பின. பத்திரிகையால் அந்த வேகத்தில் செய்திருக்க முடியாது, அதை நான் கண்ணால் பார்த்தேன். அப்புறம் நடந்ததையும் பார்த்தேன். "எங்கள் ஊருக்கு மெழுகுவத்தி, தார்ப்பாய் வேண்டும்" என்று ஒரு ஊர் முதல் நாள் போட்ட பதிவு பத்து நாள் கழித்தும் சுற்றிக்கொண்டிருந்தது. மெயின் ரோட்டில் இருந்த அந்த ஊரில் மெழுகுவத்தி பெட்டி பெட்டியாகக் குவிந்தது. உள்ளே நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊர் இருட்டில் கிடந்தது. பதிவின் முதல் வரியில் நாளும் நேரமும் எழுதியிருந்தால் பாதி வண்டிகள் உள்ளே திரும்பியிருக்கும்.

ஆகவே நீங்கள் எடுக்கும் வீடியோவில் முதல் பத்து விநாடிக்குள் ஊர், நாள், நேரம் மூன்றையும் வாயால் சொல்லிவிடுங்கள். தலைப்பில் எழுதினால் போதாது. வாட்ஸ்அப்பில் வெட்டி அனுப்பும்போது தலைப்பு உதிர்ந்துவிடும், குரல் கூடவே போகும்.

அடுத்தவர் வீடியோ வந்தால் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டியின் நம்பர் பிளேட் எந்த மாநிலம், போலீஸ்காரர் போட்டிருக்கும் சீருடை நம்முடையதுதானா. ஒரு காட்சியைப் படமாக எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் அது முன்பு எங்கே வந்தது என்று பல நேரம் தெரிந்துவிடும். நம் ஊர்க்காரருக்கு இன்னொரு வழியும் உண்டு, வயலைப் பார்ப்பது. "மார்கழி வெள்ளம்" என்று ஒருமுறை வந்த வீடியோவில் பின்னால் நடவு நடந்துகொண்டிருந்தது. மார்கழியில் இங்கே சம்பா கதிர் வாங்கி நிற்கும். வாட்ஸ்அப் குழுவிலேயே ஒரு விவசாயி அதைச் சொல்லிவிட்டார், வீடியோ அங்கேயே நின்றது.

தேதியும் இடமும் இல்லாத காட்சி உயிரையும் வாங்கும். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி ஓடிய நாட்களில், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயதுப் பெண்ணை ஊர்க்காரர்கள் அடித்துக் கொன்றார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வேறெங்கோ எடுத்த வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. தமிழ்நாடு போலீஸ் அதை மறுத்து வழக்குப் போட்டது. நம் வயல்களில் இப்போது நாற்று நடுகிறவர்களில் மேற்கு வங்கத்தையும் பீகாரையும் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் வீட்டில் அந்த வாரம் யாராவது நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்களா?

அந்தப் பிள்ளை பிடிக்கும் வதந்தியால் நடந்த கொலைகளுக்குப் பிறகு 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. பலமுறை கைமாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி வரும், 2020 ஏப்ரல் முதல் அதை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம். பல பேர் அந்த இரட்டை அம்பை 'முக்கியச் செய்தி' முத்திரை என்று நினைக்கிறார்கள். சொன்னவர் யாரென்று தெரியாத அளவுக்குக் கை மாறிவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

கன அடியையும் டிஎம்சியையும் குழப்புவது

டெல்டாவில் செய்தி போடுகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாவிட்டால் வேறு எது தெரிந்தும் பயனில்லை. டிஎம்சி என்பது தேங்கி நிற்கும் தண்ணீரின் அளவு, நூறு கோடி கன அடி. 'கன அடி' என்று நாம் சுருக்கிச் சொல்வது விநாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்பது. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. "அணையில் 20 ஆயிரம் கன அடி தண்ணீர் இருப்பு" என்று ஒரு பையன் வாசித்ததைக் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. அதை நம்பித்தானே ஒருவர் விதை வாங்குவார்?

அடிக் கணக்கிலும் இதே வழுக்கல் உண்டு. மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஆனால் அணை கீழே குறுகியும் மேலே அகன்றும் இருப்பதால் பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் இருக்காது. நூறடியில் ஏறத்தாழ 65 டிஎம்சி. ஐம்பது அடியில் 20க்கும் கீழே. "அணை பாதி நிரம்பியது" என்ற தலைப்பு பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

அப்புறம், மேட்டூரில் மதகைத் தூக்கிய அன்றே, வாய்க்கால் முடியும் கடைமடை வயல்களில் தண்ணீர் வந்துவிடாது. கல்லணைக்கு வரவே ஏறத்தாழ மூன்று நாள். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, முறை வைத்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்க வேண்டும். வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. 2024இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். அந்த ஜூனில், அணை திறப்பு என்று முந்தைய வருடம் வந்த நியூஸ் கார்டு ஒன்று எங்கள் குழுவில் சுற்றியது. ஒருவர் நாற்றங்காலுக்கு விதையை ஊறவைத்துவிட்டார். முளை கட்டிய நெல்லைத் திரும்ப மூட்டையில் போட முடியாது.

லோகோவைப் பார்த்து நம்புவது

டிவி சேனலின் லோகோவோடு வரும் நியூஸ் கார்டை யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் செய்யலாம். மழைக்காலத்தில் "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்று கலெக்டர் பெயரில் வருவதுதான் இதில் அதிகம். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் அதே அட்டை இருக்கிறதா, மாவட்ட நிர்வாகத்தின் பக்கத்தில் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் போடாதீர்கள்.

முகத்தை மறைத்தால் போதும் என்று நினைப்பது

பாதிக்கப்பட்ட குழந்தையின் முகத்தை மங்கலாக்கிவிட்டு, வீட்டு வாசலையும் அம்மாவின் அழுகையையும் தெருப் பெயரையும் காட்டுகிறார்கள். ஐந்நூறு வீடுகள் இருக்கும் ஊரில் இது பெயரைச் சொன்ன மாதிரிதான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் பெயர், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் என்று குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கின்றன. யூடியூபுக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் விலக்கு கிடையாது. தெரியாமல் போட்டேன் என்பது அந்தக் குழந்தைக்கு ஒரு சமாதானமும் இல்லை.

தற்கொலைச் செய்தியும் அப்படித்தான். எப்படி இறந்தார், எதைக் குடித்தார், கடிதத்தில் என்ன எழுதினார் என்பதெல்லாம் வேண்டாம். அதே மனநிலையில் இன்னொருவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணைக் கீழே போடுங்கள், அந்த எண்ணில் தமிழிலும் பேசலாம்.

தனியாகப் பார்ப்பது

இது செய்தி போடாதவர்களுக்கும் சேர்த்து. முன்பு டீக்கடை பெஞ்சில் ஒரே பேப்பரைப் பத்துப் பேர் பார்ப்போம். ஒருவர் சத்தமாக வாசிப்பார், "அட, அது அப்படி இல்லப்பா, நான் நேத்து அங்கதான் இருந்தேன்" என்று இன்னொருவர் மறுப்பார். செய்தி அங்கேயே உரசிப் பார்க்கப்படும். இப்போது அதே பெஞ்சில் பத்துப் பேர், பத்து போன். ஒவ்வொருவருக்கும் அவரவர் நேற்று எதைப் பார்த்தாரோ அதே மாதிரிதான் இன்றும் வருகிறது. சாதிச் சண்டை வீடியோ ஒன்றைப் பார்த்த பத்தொன்பது வயதுப் பையனுக்கு மறுநாள் அதே மாதிரி இருபது வருகிறது. மறுக்க ஆள் இல்லை. ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் பார்க்கும்போது உலகமே தன் ஆட்களுக்கு எதிராக நிற்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கோபம் வரும் வீடியோவை வீட்டில் யாரிடமாவது காட்டிவிட்டு, காலையில் பகிருங்கள்.

காசு பற்றியும் ஒரு வார்த்தை. விளம்பர வருமானத்துக்கு யூடியூப் கேட்பது ஆயிரம் சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதத்தில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும். அதைத் தாண்டியதும் படிப்பை விட்டவர்களை எனக்குத் தெரியும். விட வேண்டாம். கோயில் திருவிழா வீடியோவுக்குச் சினிமாப் பாட்டையும் சேர்க்காதீர்கள். 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போய்விடும்.

ஒரு பக்கம் மட்டும் கேட்பதும், சத்தமில்லாமல் அழிப்பதும்

எனக்குப் பழக்கமான ஒரு பையன் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் வீடியோ எடுத்தான். நாலு நாளாகக் குவியலோடு காத்திருக்கும் விவசாயி அழுகிறார், பட்டியல் எழுத்தர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "ஏழை விவசாயியை விரட்டும் ஊழியர்" என்று தலைப்பு. ஒரே நாளில் எங்கள் பக்கம் எல்லார் போனிலும் அது வந்துவிட்டது. எழுத்தரின் மகளைப் பள்ளியில் கேலி செய்தார்கள்.

நான் அவனைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். ஈரப்பதம் எவ்வளவு என்று அவன் கேட்டிருக்கவே இல்லை. வழக்கமான வரம்பு 17 சதவீதம். பருவம் தவறி மழை பெய்யும் ஆண்டுகளில் ஒன்றிய அரசு அனுமதி கொடுத்தால்தான் அது தளரும். அந்தக் குவியலில் ஈரப்பதமானி 21க்கு மேல் காட்டியது, எழுத்தரால் பதிய முடியாது. அதைவிடப் பெரிய சங்கதி பின்னால் இருந்தது. வாங்கிய 40 கிலோ மூட்டைகள் வாரக்கணக்கில் லாரிக்காகக் காத்துக் கிடந்தன. களத்தில் நெல்லைக் காயப்போட இடமே இல்லை. விவசாயியின் அழுகை உண்மை, காரணம் வேறு.

வீடியோவை அழித்துவிடலாம் என்றான். வேண்டாம் என்றேன். பத்திரிகையில் நான் ஊர் பெயரை மாற்றி எழுதிய ஒரு முறை, மறுநாள் 'திருத்தம்' என்று பெட்டி கட்டிப் போட்டார்கள். இரண்டு நாள் வெளியே தலைகாட்டக் கூச்சமாக இருந்தது. ஆனால் அந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான் அந்த ஊர்க்காரர்கள் எனக்குச் செய்தி சொல்லவே ஆரம்பித்தார்கள். வீடியோவை அழித்தால், ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவர்களின் போனில் தவறு மட்டும் உயிரோடு இருக்கும், திருத்தம் எங்கேயும் இருக்காது.

அவன் தலைப்பை மாற்றினான். எது தவறு, எது சரி என்று கமெண்டில் எழுதி, அது எப்போதும் முதலில் நிற்கும்படி வைத்தான். பள்ளிக்கூடத்து விஷயத்துக்காக எழுத்தர் வீட்டுக்கே போய் வருத்தம் சொன்னான். பிறகு லாரி வராத மூட்டைகளைப் பற்றி இரண்டாவது வீடியோ எடுத்தான். நாள், நேரம், ஊர் சொல்லி, எழுத்தரையும் சுமைப்பணியாளர்களையும் விவசாயிகளையும் பேச வைத்திருந்தான். முதல் வீடியோவுக்கு வந்ததில் கால்வாசிப் பார்வைகூட அதற்கு வரவில்லை. மூன்றாம் நாள் லாரி வந்து மூட்டைகளை ஏற்றியது. அந்த விவசாயி நெல்லைக் களத்தில் பரப்பினார்.