விறகுக் கணப்பு அடுப்பு: எந்த பிராண்டு உங்கள் வீட்டுக்குப் பொருந்தும்?

பிளேஸ் கிங், யோட்டுல், பசிபிக் எனர்ஜி, டிரோலே, வெர்மொன்ட் காஸ்டிங்ஸ், ஹார்த்ஸ்டோன் என்று கடையில் பெயர்கள் வரிசையாக நிற்கும். இவற்றில் எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், எல்லாமே அவரவர் வீட்டுக்குச் சரியாகவும் இருக்கும். வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும், புகைபோக்கி எப்படி, விறகு எவ்வளவு காய்ந்தது, பழுதானால் யார் வருவார் என்ற நான்கையும் முதலில் முடிவு செய்யுங்கள். அதன்பின் இரண்டு மூன்று பெயர்கள்தான் மிஞ்சும். கனடாவின் ஒன்ராறியோ போன்ற குளிரில், முழு வீட்டையும் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ் ஏற்கெனவே உள்ள வீட்டில், முதல்முறையாக விறகு அடுப்பு வைப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம்.

படி 1: எரிவாயு பில்லை எடுங்கள்

"2,000 சதுர அடி வரை சூடாக்கும்" என்ற விளம்பர வரியை ஒதுக்கிவிடுங்கள். வெப்பக் காப்பு நன்றாக உள்ள 2,000 சதுர அடி வீடும் காற்று ஒழுகும் 2,000 சதுர அடி வீடும் ஒன்றல்ல. உங்கள் வீட்டின் உண்மையான தேவை பில்லில் இருக்கிறது.

ஜனவரியில் 400 கன மீட்டர் எரிவாயு ஓடியது என்று வைத்துக்கொள்வோம். ஜூலை பில் 50 கன மீட்டர். அது குளியல் வெந்நீருக்கும் சமையலுக்கும் போனது. மீதி 350 வீட்டைச் சூடாக்கியிருக்கிறது. ஒரு கன மீட்டரில் சுமார் 10.5 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. ஃபர்னஸின் திறன் 95 சதவீதம் என்றால் 350 × 10.5 × 0.95, அதாவது சுமார் 3,490 கிலோவாட் மணி. ஜனவரியின் 744 மணி நேரத்தால் வகுத்தால் சராசரி 4.7 கிலோவாட். ஃபர்னஸ் பழையது, 80 சதவீதம்தான் என்றால் 0.95 இருக்கும் இடத்தில் 0.8 போடுங்கள்.

மைனஸ் 20 இரவில் தேவை இதைவிட நிறையக் கூடும். ஆனாலும் அடுப்பை ஜனவரிச் சராசரிக்குத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. மிகக் கடும் குளிரில் ஃபர்னஸ் கைகொடுக்கட்டும்.

படி 2: எரிபெட்டியை நீங்களே அளந்து பாருங்கள்

எந்த பிராண்டானாலும் வெப்பம் விறகிலிருந்துதான் வருகிறது. ஆகவே எரிபெட்டிக்குள் எவ்வளவு விறகு பிடிக்கும் என்பதே முதல் எண். ஒரு கன அடிக்கு, பிளந்து காய்ந்த விறகு சுமார் 5.5 கிலோ என்று கணக்கு வைக்கலாம். நெருக்கி அடுக்கினால் இன்னும் பிடிக்கும். 75 சதவீதத் திறனுள்ள அடுப்பில் ஒரு கிலோ விறகு அறைக்குள் சுமார் 3.4 கிலோவாட் மணி வெப்பம் தரும்.

2 கன அடிப் பெட்டி என்றால் 11 கிலோ விறகு, 37 கிலோவாட் மணி. அதை 8 மணி நேரத்துக்குப் பரப்பினால் 4.6 கிலோவாட். மேலே பார்த்த வீட்டுக்கு இது ஏறக்குறையப் பொருந்துகிறது. முதல் இரண்டு மூன்று மணி நேரம் வெப்பம் அதிகமாகவும், பிறகு தணலின் மெல்லிய சூடாகவும் வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதே கணக்கு விளம்பரத்தையும் உடைத்துக் காட்டும். "75,000 பி.டி.யு." என்ற வெப்ப அளவு, மணிக்கு என்று கொண்டால், 22 கிலோவாட். 37 கிலோவாட் மணி விறகு அந்த வேகத்தில் எரிந்தால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

கன அளவை அட்டவணையிலிருந்து எடுக்காமல் கடையிலேயே அளவுநாடா பிடியுங்கள். விறகு அடுக்க முடியாத இடத்தையும் சேர்த்துச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. உள் அகலம், ஆழம், மேலே உள்ள காற்றுக் குழாய்கள் வரையிலான உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 1,728 ஆல் வகுங்கள். 18 × 16 × 12 என்றால் சரியாக 2 கன அடி. அளக்கும்போதே எத்தனை அங்குலக் கட்டை உள்ளே போகும் என்றும் பாருங்கள். விறகுக்காரர்கள் பெரும்பாலும் 16 அங்குலமாக வெட்டுகிறார்கள். 14 அங்குலத்துக்கு மேல் பிடிக்காத அழகான அடுப்பை வாங்கிவிட்டால் ஒவ்வொரு கட்டையையும் அறுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெரிதாக வாங்கினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். அது ஆபத்து. காப்பு நன்றாக உள்ள சின்ன வீட்டில் 3 கன அடி அடுப்பை வைத்தால் அறை கொதிக்கும். உடனே காற்றை அடைப்பீர்கள், தீ சுடர்விடாமல் புகையும், அந்தப் புகை புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் கிரியோசோட் என்ற தார் போன்ற படிவமாகச் சேரும். ஒரு நாள் அது பற்றினால் புகைபோக்கித் தீ. டிரோலேயின் எச்.டி.-3000, பசிபிக் எனர்ஜியின் சம்மிட் இரண்டும் ஏறத்தாழ இந்த 3 கன அடி வகை. பெரிய பழைய பண்ணை வீடுகளுக்கு ஏற்றவை. யோட்டுல், மோர்சோ ஆகியவற்றின் சின்ன வார்ப்பிரும்பு அடுப்புகள் ஓர் அறையையோ சிறு வீட்டையோ சூடாக்குபவை.

படி 3: கேட்டலிஸ்ட் வேண்டுமா, வேண்டாமா

பிராண்டுகள் உண்மையில் பிரிவது இங்கேதான். விறகு எரியும்போது வரும் புகையே எரிபொருள். அதை எரிக்காமல் வெளியே விட்டால் வெப்பமும் போகும், காற்றும் கெடும்.

கேட்டலிஸ்ட் (குறைந்த சூட்டிலேயே புகையை எரிக்க உதவும் வினையூக்கித் தட்டு) இல்லாத அடுப்பில், பெட்டியின் மேற்புறத் துளைகள் வழியாகச் சூடான காற்று வந்து புகையை எரிக்கும். அதற்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதனால் தீயை ஓர் அளவுக்குக் கீழே அடக்க முடியாது. பசிபிக் எனர்ஜி, டிரோலே, ஆஸ்பர்ன், மோர்சோ, யோட்டுலின் பல மாடல்கள் இந்த வகை. கண்ணாடி வழியாகத் தீயைப் பார்க்க அழகு, இயக்குவதும் எளிது.

கேட்டலிஸ்ட் அடுப்பில், பலேடியம் அல்லது பிளாட்டினம் பூசிய தேன்கூடு வடிவத் தட்டு ஒன்று இருக்கும். சுமார் 260 டிகிரியிலேயே அது புகையை எரிக்கத் தொடங்கிவிடும். ஆகவே தீயை மிகத் தாழ்த்தி நெடுநேரம் ஓட்டலாம். பிளேஸ் கிங் பெயர் பெற்றதே இதனால்தான்: அதன் தெர்மோஸ்டாட் உலோகச் சுருளின் அசைவால் காற்றைத் தானே கூட்டிக் குறைக்கும். அதன் கிங் 40 மாடல் 40 மணி நேரம் வரை எரியும் என்று நிறுவனம் சொல்கிறது. அது மிகத் தாழ்ந்த நிலையில் கிடைக்கும் நேரம். பெட்டியில் உள்ள வெப்பத்தை நாற்பதால் வகுத்தால் மணிக்கு எவ்வளவு மிஞ்சும் என்று தெரியும். அந்த மாடலுக்கு 8 அங்குலக் குழாய் வேறு வேண்டும்.

தேன்கூட்டுத் தட்டு தேயும் பொருள். 10,000 முதல் 12,000 மணி நேரம் எரிந்தபின் மாற்ற வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஐந்து மாதம் இரவுபகலாக எரித்தால் 3,600 மணி, அதாவது மூன்று குளிர்காலம். மாற்றச் சில நூறு டாலர் ஆகும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், வண்ணத்தாள், கடலோரம் ஒதுங்கிய உப்பு ஏறிய கட்டை ஆகியவை அதை இன்னும் சீக்கிரம் கொல்லும். சூடான தட்டின் மேல் ஈரவிறகின் நீராவி பட்டால் விரிசல் விழும்.

புதியவர்கள் தவறுவது, புகையைத் தட்டின் வழியாக விடாமல் நேரே புகைபோக்கிக்கு அனுப்பும் பைபாஸ் நெம்புகோலில். தீ மூட்டும்போது அது திறந்திருக்க வேண்டும். தெர்மோமீட்டர் முள் செயல்படும் பகுதிக்கு வந்தபின் மூட வேண்டும். கதவைத் திறக்கும் முன் மறுபடி திறக்க வேண்டும், இல்லையென்றால் புகை முழுதும் அறைக்குள் வரும்.

இரண்டு முறையும் கலந்த ஹைபிரிட் அடுப்புகளை லோபி, ரீஜென்சி, வுட்ஸ்டாக் சோப்ஸ்டோன் ஆகியவை செய்கின்றன. எங்கள் பரிந்துரை நேரானது: நன்கு காய்ந்த விறகு கையிருப்பில் இல்லாத வீட்டில் கேட்டலிஸ்ட் அடுப்பு வைக்காதீர்கள். ஓக் காய இரண்டு ஆண்டு வேண்டும். ஈரமானியில் 20 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். கட்டையை அறைச்சூட்டுக்குக் கொண்டுவந்து, புதிதாகப் பிளந்து, பிளந்த முகத்தில் ஊசியைக் குத்துங்கள். வெளிப்பக்கத்தில் குத்தினால் எல்லா விறகும் காய்ந்ததாகத்தான் காட்டும்.

படி 4: எஃகா, வார்ப்பிரும்பா, மாக்கல்லா

எஃகு சீக்கிரம் சூடாகும், விலை குறைவு. வார்ப்பிரும்பின் சூடு நின்று வரும், ஆனால் அதன் துண்டுகளை இணைக்கும் சிமென்ட் ஆண்டுகள் போனால் உதிரலாம். கல்சட்டியில் குழம்பு இறக்கிய பிறகும் கொதிக்குமே, அந்த மாக்கல்லைத்தான் ஹார்த்ஸ்டோனும் வுட்ஸ்டாக்கும் அடுப்பில் பதிக்கின்றன. தீ அணைந்த பிறகும் மணிக்கணக்கில் சூடு இருக்கும். சூடேறவும் நேரம் எடுக்கும். வேலைக்குப் போய்வந்து மாலையில் மட்டும் எரிப்பவருக்கு எஃகு போதும்.

படி 5: புகைபோக்கி

அடுப்புக்கு ஆகும் செலவு புகைபோக்கிக்கும் அதை நிறுவவும் ஆகலாம். பிராண்டை முடிக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

பெரும்பாலான அடுப்புகளுக்குக் குழாய் 6 அங்குலம். கனடாவில் புகைபோக்கி யு.எல்.சி. எஸ்629 தரத்தில், 650 டிகிரிக்கு உரியதாக இருக்க வேண்டும். கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து 3 அடி, சுற்றி 10 அடிக்குள் உள்ள எதையும்விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். பல கையேடுகள் குறைந்தது 15 அடி மொத்த உயரம் கேட்கின்றன. செங்கல் நெருப்பிடத்தின் பழைய புகைபோக்கி என்றால் உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்க வேண்டும். இல்லையென்றால் அகன்ற, குளிர்ந்த அந்தக் கூட்டில் புகை மேலே ஏறாது.

ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் மரச்சுவருக்கும் இடையே 18 அங்குலம் விட வேண்டும். இரட்டைச் சுவர்க் குழாய்க்கு 6 அங்குலம் போதும். அடுப்பைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும். மூலையில் வைக்கப்போகிறீர்கள் என்றால் இந்த எண் ஒன்றே சில பிராண்டுகளை நீக்கிவிடும்.

நம் வீட்டுச் சமையலறைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தாளிக்கும்போது ஓடும் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன், காற்றுப் புகாத வீட்டில் அடுப்புப் புகையைக் கீழே இழுத்துவிடும். வெளிக்காற்றுக் குழாய் இணைக்கக்கூடிய மாடலா என்று கேளுங்கள். ஃபேன் ஓடும்போது அருகில் ஒரு ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள்.

படி 6: லேபிளைப் படியுங்கள்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிப்படி 2020 மே 15 முதல் விற்கும் புது அடுப்பு மணிக்கு 2.0 கிராமுக்கு மேல் துகள்புகை விடக்கூடாது. உண்மையான பிளந்த விறகை எரித்துச் சோதித்திருந்தால் 2.5 கிராம். மொன்றியல் நகரில் 2018 அக்டோபர் முதலே 2.5 கிராமுக்கு மேற்பட்ட அடுப்பை எரிக்கத் தடை. மலிவாகக் கிடைக்கும் பழைய அடுப்புகள் பல 7.5 கிராம் வரை அனுமதித்த காலத்தவை. பாதுகாப்புச் சான்று லேபிளே இல்லாத அடுப்பு என்றால் சுற்றிலும் 48 அங்குலம் விட வேண்டும், காப்புறுதி நிறுவனமும் மறுக்கலாம்.

திறன் சதவீதத்தை ஒப்பிடும்போது எச்.எச்.வி.யா (புகையோடு போகும் நீராவியின் வெப்பத்தையும் விறகின் கணக்கில் சேர்ப்பது) எல்.எச்.வி.யா (அதைச் சேர்க்காதது) என்று பாருங்கள். ஐரோப்பியக் கையேடுகள் எல்.எச்.வி. முறையில் எழுதுகின்றன; அது சுமார் 7 சதவீதப் புள்ளி கூடுதலாகத் தெரியும்.

படி 7: உதிரிபாகமும் டீலரும்

வாங்கும் முன்பே ஐந்து பொருளின் விலையைக் கேட்டு எழுதுங்கள்: கூரைப் பலகை (எரிபெட்டிக்குள் மேற்புறம் உள்ள தட்டு), கதவை இறுக்கும் நார்க்கயிறு, தீச்செங்கல், கண்ணாடி, கேட்டலிஸ்ட். வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத்தால் ஆன கூரைப் பலகை, கட்டையைத் தூக்கிப் போடும்போது இடித்தால் உடையும். பசிபிக் எனர்ஜியில் அது துருப்பிடிக்காத எஃகு, கழற்றி எடுக்கலாம். செங்கல் 9 × 4.5 × 1.25 அங்குலப் பொது அளவென்றால் எங்கும் கிடைக்கும். நிறுவனமே வார்த்த தனி வடிவம் என்றால் அவர்களிடமே வாங்க வேண்டும். "ஆயுட்கால உத்தரவாதம்" பெரும்பாலும் உடலின் வெல்டிங் இணைப்புகளுக்குத்தான், இந்தத் தேய்பொருள்களுக்கு அல்ல.

பசிபிக் எனர்ஜி வன்கூவர் தீவின் டங்கனிலும், டிரோலே கியூபெக்கிலும், யோட்டுல் நோர்வேயிலும் வேர்கொண்டவை. எங்கிருந்து வந்தாலும் ஒரு மணி நேரத் தொலைவில் பழுதுபார்க்கும் டீலர் இருக்கிறாரா என்பதே முக்கியம். அப்படி ஒருவர் விற்கும் இரண்டாவது விருப்பத்தை, பழுதுபார்க்க யாருமே வராத முதல் விருப்பத்துக்கு மேலாக வையுங்கள்.

கடையில் கதவிடுக்கில் ஒரு தாள் துண்டை வைத்து மூடி இழுங்கள். எளிதாக வந்தால் கதவு இறுகவில்லை. கூரைப் பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்; ஆண்டுதோறும் புகைபோக்கி துடைக்கும்போது அதைத்தான் கழற்றப்போகிறீர்கள்.

படி 8: பொருத்திய பிறகு

கனடாவில் விறகு அடுப்பு வேலைக்கான 'வெட்' (WETT) சான்று பெற்றவரைக் கொண்டு பரிசோதித்து, அறிக்கையைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். கார்பன் மோனாக்சைட் அலாரம் கட்டாயம் வையுங்கள். முதல் இரண்டு மூன்று தீயைச் சிறு குச்சிகளால் மட்டும் மூட்டி, ஒவ்வொரு முறையும் முழுதாக ஆறவிடுங்கள். வார்ப்பிரும்பும் மாக்கல்லும் ஈரத்தை மெல்ல விட வேண்டும், அவசரப்படுத்தினால் விரிசல் விழும். முதல் பெரிய தீயில் பெயின்ட் வேகும் நாற்றம் வரும். அன்று ஜன்னல்களைத் திறந்துவைத்துக் குழந்தைகளை வேறு அறையில் இருக்கச் செய்யுங்கள்.