மோரிஸ் மைனரில் ஆயில் பிரஷர் திரும்பியது

என் 1098 சிசி மோரிஸ் மைனர் கார், சூடேறியதும் ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் 8 பிஎஸ்ஐதான் காட்டியது. குறைந்தது 15 வேண்டும், ஓட்டத்தில் 60. பேரிங் போய்விட்டதென்றே பயந்தேன். வேறொரு கேஜ் மாட்டிப் பார்த்தேன், அதே அளவு. கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றியும் கொஞ்சம்தான் ஏறியது.

அப்புறம்தான், பிரஷர் அளவு மீறினால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வைக் கழற்றினேன். குமிழ் நட்டுக்குள் ஒரு ஸ்பிரிங், அதன் முனையில் வால்வு, அவ்வளவுதான். வால்வு உட்காரும் விளிம்பில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. அந்த இடுக்கு வழியாகவே ஆயில் இன்ஜின் அடியிலுள்ள சம்ப்புக்குத் திரும்பியிருக்கிறது. ஸ்பிரிங்கும் தளர்ந்து நீளம் குறைந்திருந்தது. கிரைண்டிங் பேஸ்ட் (உராய்வுத் துகள் கலந்த பசை) வைத்து வால்வை அந்த விளிம்பில் நிதானமாகத் தேய்த்தேன். பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்தெடுங்கள். ஒரு துளி தங்கினாலும் பேரிங்கைத் தின்றுவிடும். புது ஸ்பிரிங், புது வாஷர் போட்டேன். இப்போது நல்ல சூட்டிலும் 20க்குக் கீழே இறங்குவதில்லை.