ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரைக் கூப்பிடலாமா? மூச்சை எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள்

வார்டுக்குப் புதிதாக வரும் ஸ்டாஃப் நர்ஸ்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது: "அக்கா, இப்பவே டாக்டரைக் கூப்பிடணுமா, விடியட்டும்னு பார்க்கலாமா?" நான் இப்போது செய்யும் முறையை அப்படியே எழுதுகிறேன். பிபி பார்ப்பது, பல்ஸ் பிடிப்பது உங்களுக்குத் தெரியும், அதைத் தொடவில்லை.

படி 1: ஆளைப் பாருங்கள்

ஹேண்டோவர் (முந்தைய ஷிப்டிடம் பொறுப்பு வாங்குவது) முடிந்ததும் கேஸ் ஷீட்டைத் திறக்கும் முன் ஒரு சுற்று வாருங்கள். பேச்சுக் கொடுத்தால் ஒரே மூச்சில் பதில் வருகிறதா, பாதியில் நிற்கிறதா? கை கால் சில்லென்று இருக்கிறதா? அவ்வளவுதான்.

படி 2: மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள்

நான் தவறியது இங்கேதான். குடல் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், ஒரு அம்மா. ஷீட்டில் மூச்சு வரிசையாக 20, 20, 20. நானும் எண்ணாமலே 20 என்று எழுதினேன். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 96, பிபி 110/70, காய்ச்சல் இல்லை. மகள் வந்து, "அம்மா என்னமோ மாதிரி இருக்காங்க சிஸ்டர்" என்றாள். வலியாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் வந்து நின்றாள். அப்போதுதான் கட்டிலருகே போய் எண்ணினேன். 28. குடலில் தையல் போட்ட இடத்தில் கசிவு. ஐசியூவுக்குப் போய்த்தான் அந்த அம்மா பிழைத்தார். அந்த ஒரு மணி நேரம் வீணாகப் போனது என்னால்.

உடம்பில் ஆக்சிஜன் பற்றாமல் போனாலும் ரத்தத்தில் அமிலம் ஏறினாலும் மூச்சு வேகமெடுக்கும். அந்த வேகத்தாலேயே சாச்சுரேஷன் கொஞ்ச நேரம் நன்றாகத் தெரியும். பிபி பெரும்பாலும் கடைசியில்தான் இறங்கும்.

எண்ணப் போவதை நோயாளியிடம் சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும். பல்ஸ் பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டாம். ஒரு மூச்சு தவறினால் கணக்கில் நாலு தவறும். செல்போனைவிட விநாடி முள் உள்ள வாட்ச்தான் என் தேர்வு. மானிட்டர் காட்டும் மூச்சு எண்ணை நான் நம்புவதில்லை. இருமினாலும் புரண்டு படுத்தாலும் அது மாறும்.

படி 3: மதிப்பெண் போடுங்கள்

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய 'நியூஸ் 2' அட்டவணையைப் பாக்கெட்டில் வைத்திருக்கிறேன். மூச்சு, பல்ஸ், பிபி போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டு, ஆள் மோசமாகிறாரா என்று பார்க்கும் அட்டவணை அது. மூச்சு 12 முதல் 20 வரை என்றால் 0, 21 முதல் 24 வரை 2, 25 அல்லது அதற்கு மேல் போனால் 3. 8 அல்லது அதற்குக் கீழே இறங்கினாலும் 3தான். அந்த அம்மாவுக்கு மூச்சுக்கு 3, பல்ஸ் 104-க்கு 1, பிபி 110-க்கு 1, ஆக மொத்தம் 5. மொத்தம் 5 அல்லது 6 வந்தாலும், ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தாலும் டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் வந்தால் அவசரம்.

மதிப்பெண் குறைவாக வந்து, மனசு மட்டும் கேட்கவில்லையா? அப்போதும் கூப்பிடுங்கள். கூட இருக்கும் சொந்தக்காரர் "ஆள் மாறிட்டாங்க" என்று சொல்வதை நான் ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

படி 4: போனில் பேசுவது

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் டாக்டர்" என்று தொடங்காதீர்கள். "கொஞ்சம் டல்லா இருக்காங்க" என்றும் சொல்லாதீர்கள், அதை வைத்து அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. இப்படிச் சொல்லுங்கள் (செப்சிஸ் என்பது தொற்றால் உடம்பின் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலை):

"டாக்டர், சர்ஜிகல் வார்டு ஸ்டாஃப் பேசறேன். ஆறாம் பெட், குடல் ஆபரேஷன் ரெண்டாம் நாள். மூச்சு 28, பல்ஸ் 104, பிபி 110/70, சாச்சுரேஷன் 96. செப்சிஸோன்னு சந்தேகமா இருக்கு. நீங்க இப்பவே வந்து பார்க்கணும்."

கடைசி வாக்கியத்தை விடவே கூடாது. கூப்பிட்ட நேரத்தையும் கிடைத்த பதிலையும் நர்ஸஸ் நோட்ஸில் எழுதுங்கள். 15 நிமிடத்தில் வரவில்லையா? மறுபடி கூப்பிடுங்கள், கூடவே நைட் சூப்பர்வைசருக்கும் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுச் சிலர் எழுதியதால் இரண்டு விஷயம். இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டினோலால், மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பல்ஸ் ஏறாமலே இருக்கலாம், அதனால் மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போடுங்கள். சாச்சுரேஷன் திடீரென்று குறைவாகக் காட்டினால் விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறு விரலிலோ காது மடலிலோ மாட்டிப் பாருங்கள். ஆனால் மூச்சு வாங்குகிறவரிடம் விரல் தேடி நேரத்தைப் போக்காதீர்கள், முதலில் போனை எடுங்கள்.