அரிக்கமேட்டுக்கு முன்னால் ஒரு சொற்பொழிவு: புதுச்சேரி வருவோருக்கு

அக்கா குடும்பம் பாரிசுக்குப் பக்கத்தில் சார்செல்லில் இருக்கிறது. போன தடவை தை மாதம் வந்தபோது, இறங்கிய மறுநாளே, ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுக ஊரான அரிக்கமேடு போக வேண்டும் என்று அக்கா மகள் ஒற்றைக் காலில் நின்றாள். சரி என்று ஆட்டோ பிடித்துக் காக்காயந்தோப்புக்குப் போனோம். மாந்தோப்பு, மேய்கிற ஆடுகள், செங்கல் தூண்களோடு ஒரு பாழடைந்த கட்டடம், அந்தப் பக்கம் ஆறு. அரைமணி நேரம் சுற்றிவிட்டு, "மாமா, இவ்ளோதானா?" என்றாள். ஆட்டோக்காரரும் அதையேதான் கேட்டார். அந்தத் தூண்களை ரோமானியர் கட்டியது என்று நினைத்து முப்பது படம் எடுத்திருந்தாள். அது 18ஆம் நூற்றாண்டில் பாதிரிமார் தங்கியிருந்த வீட்டின் மிச்சம்.

நாலு நாள் கழித்து அவளை ஒரு தொல்லியல் சொற்பொழிவுக்கு அழைத்துப் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவளே வந்து, "இன்னொரு தடவை போகலாமா?" என்றாள். அதே தோப்பு, அதே ஆடுகள். இந்தத் தடவை ஒன்றரை மணி நேரம் ஆகியும் அவளைக் கிளப்ப முடியவில்லை.

அதனால்தான் ஊருக்கு வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன்: பயணத்தின் முதல் வாரத்திலேயே ஒரு மாலையைச் சொற்பொழிவுக்கு ஒதுக்குங்கள். எங்கள் பக்கத்து வரலாறு பெரும்பாலும் மண்ணுக்கு அடியிலும் கல்வெட்டு எழுத்திலும் கிடக்கிறது. யாராவது எடுத்துச் சொல்லாமல் கண்ணுக்குத் தெரியாது. அகழாய்வுக் குழிகளை வேலை முடிந்ததும் மண் போட்டு மூடிவிடுவார்கள், அப்புறம் பார்க்க மேடும் புல்லும்தான் மிஞ்சும்.

பாரிசில் இருப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதாக இருக்காது. அங்கே கொலேழ் த பிரான்சில், 1530இல் தொடங்கிய நிறுவனம், இன்றும் யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்கலாம். கட்டணம் கிடையாது, பெயர் பதிவு கிடையாது. அங்கே பேராசிரியராக இருந்த ழான் ஃபிலியோசாதான் 1955இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைத் தொடங்கியவர். அமெரிக்காவில் இருப்பவர்கள் 1879இல் உருவான அமெரிக்கத் தொல்லியல் நிறுவனத்தின் உரைகளைக் கேட்டிருக்கலாம், அறிஞர்களை ஊர் ஊராக அனுப்பிப் பேசவைப்பார்கள். நம் ஊரில் இதற்கு இணையானது அறக்கட்டளைச் சொற்பொழிவு. ஒருவர் தன் அப்பா பெயரிலோ ஆசிரியர் பெயரிலோ ஒரு தொகையை வங்கியில் போட்டு வைப்பார். அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒரு உரை நடக்கும், பேச்சாளருக்குப் பயணச் செலவு, ஒரு பொன்னாடை, வந்தவர்களுக்குத் தேநீர். போட்டவர் போன பிறகும் பத்து இருபது ஆண்டுகள் ஓடும். வட்டி விகிதம் குறையக் குறைய முதலில் காணாமல் போவது தேநீரோடு வரும் வடை.

இன்னொரு வகை மாதாந்திரக் கூட்டம். அழைப்பிதழின் மேலே இத்தனையாவது கூட்டம் என்று எண் போட்டிருப்பார்கள். அந்த எண் மூன்று இலக்கத்தில் இருந்தால் நம்பிப் போகலாம். அத்தனை மாதம் விடாமல் நடத்துகிறவர்கள் நல்ல பேச்சாளரைத்தான் பிடித்திருப்பார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிநாட்டில் இருந்தபடியே இணையத்தில் தேடினால் பெரும்பாலும் நடந்து முடிந்த கூட்டத்தின் படங்கள்தான் கிடைக்கும். இங்கே வந்ததும் தமிழ் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் 'இன்றைய நிகழ்ச்சி' பகுதியைப் பாருங்கள். நூலக அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கு இதற்காகவே ஒரு நடை போகலாம். எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி, சொந்தத்தில் ஒரு தமிழாசிரியர் கட்டாயம் இருப்பார், அவரிடம் கேளுங்கள். அவர் கைப்பேசியில் அழைப்பிதழ்கள் குவிந்து கிடக்கும். ஒரு கூட்டத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டில் எண்ணை எழுதிவிட்டீர்கள் என்றால் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவார்கள், அப்புறம் சார்செல்லில் இருந்தாலும் அழைப்பு வந்துகொண்டே இருக்கும். பிரெஞ்சு நிறுவனமும், டூமா தெருவில் இருக்கும் தூரகிழக்கு பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் உரைகள் வைப்பதுண்டு. ஆங்கிலமோ பிரெஞ்சோதான் அதிகம் காதில் விழும், தமிழ் தடுமாறும் பிள்ளைகளுக்கு அது வசதி.

போகிற நாள் காலையில் அழைப்பிதழில் உள்ள எண்ணுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். ஒருமுறை மச்சான் குடும்பத்தையே திரட்டி ஒரு அரங்கத்துக்குக் கூட்டிப்போனேன். கதவு பூட்டியிருந்தது. "நேத்தே முடிஞ்சிடுச்சே சார்" என்றார் காவலாளி. தேதி மாற்றியதை யாரும் சொல்லவில்லை. மச்சான் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

அரங்கத்துக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் மிரளாமல் இருக்க. ஐந்தரை என்று போட்டிருந்தால் ஆறு ஆறேகாலுக்குத் தொடங்கும். அதற்காகத் தாமதமாகப் போகாதீர்கள், மின்விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலிகள் முதலில் போய்விடும். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்க வேண்டும். புதுச்சேரியில் பாடுவது பாரதிதாசன் எழுதியது. இருபது கிலோமீட்டர் தெற்கே கடலூரில் மனோன்மணீயம் சுந்தரனாருடையது. சென்னையில் வளர்ந்த என் மச்சான் இங்கே நம்பிக்கையோடு வாயைத் திறந்துவிட்டுத் திகைத்துப் போனார். பிறகு வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை. தலைமை வகிப்பவர் சில சமயம் பேச்சாளர் சொல்ல வேண்டியதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகளோடு போன அன்றைக்கு முன்வரிசையில் இரண்டு சொல்தா தாத்தாக்கள், பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு இங்கே அதுதான் பெயர். பேச்சாளர் சுவரில் ஒரு பானையின் அடிப்பகுதியைக் காட்டினார். சாம்பல் நிறம், உள்பக்கம் வட்ட வட்டமாகப் புள்ளிக் கீறல்கள், வளையல் அடுக்கி வைத்த மாதிரி. ரௌலட்டட் பாண்டம் என்பார்கள். பக்கத்தில் இத்தாலியின் அரெட்சோ பகுதிச் சிவப்புப் பாண்டத்தின் துண்டு. 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது செய்த கணக்கு இதுதான்: இத்தாலிப் பாண்டத்துக்குக் காலம் தெரியும், ஆகவே அதே மண்ணடுக்கில் கிடைக்கிற நம் பானைக்கும் காலம் சொல்லலாம். தென்னிந்தியத் தொல்லியலுக்குக் காலக்கணக்கு பிடிபட்டது இந்தத் தோப்பில்தான். அவர் இங்கே வந்ததற்கே காரணம், சென்னை அருங்காட்சியகத்தில் பார்த்த, ஆம்போரா என்னும் இரட்டைக் கைப்பிடி ரோமானிய ஜாடி ஒன்றின் உடைந்த துண்டு. ஆனால் ரௌலட்டட்டை அவர் வெளியிலிருந்து வந்த சரக்கு என்று நினைத்தார். அது இந்திய மண்ணில் செய்தது என்று பிற்பாடு தெரிந்தது. 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி நடத்திய அகழாய்வு, ரோமானிய வணிகத்துக்கு முன்பே அங்கே ஊர் இருந்ததைக் காட்டியது.

கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் "ஒரு சின்ன சந்தேகம்" என்று எழுந்து பத்து நிமிடம் பேசினார். எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் உண்டு. அப்புறம் மருமகள் கையைத் தூக்கினாள். "ஐயா, அந்த ஊர்ல இருந்தவங்க எங்க போனாங்க?" பேச்சாளர் சிரித்தார். "எங்கயும் போயிடலம்மா. சோழர் காலத்துப் பானை ஓடும் அங்க கிடைக்குது, சீனப் பீங்கானும் கிடைக்குது." பிள்ளைகள் உடைந்த தமிழில் கேட்டாலும் இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள், மாறாகத் தேநீர் நேரத்தில் நாலு பேர் சூழ்ந்துகொண்டு எந்த ஊர், யார் பிள்ளை என்று விசாரிப்பார்கள். பேச்சாளரை ஐயா என்றோ அம்மா என்றோ கூப்பிடச் சொல்லிக்கொடுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அரங்கமே திரும்பிப் பார்க்கும்.

முன்கூட்டியே ஒரு கணக்கு மட்டும் தெரிந்திருந்தால் பாதி உரை புரியும். சக ஆண்டு என்ற பழைய ஆண்டுக்கணக்கைச் சொன்னால் 78 கூட்டிக்கொள்ளுங்கள், கி.பி. ஆண்டு வந்துவிடும். உலோகவிபாகம் என்ற சமண நூல் சக ஆண்டு 380இல், பாடலிகை என்னும் ஊரில் எழுதப்பட்டது. அப்படியானால் கி.பி. 458. அந்தப் பாடலிகை கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர்தான் என்பது ஆய்வாளர் கருத்து. 'ஆட்சியாண்டு' என்றால் அந்த மன்னர் பட்டத்துக்கு வந்ததிலிருந்து எண்ணுவது, அதற்கு இந்தக் கூட்டல் உதவாது.

உரை கேட்ட பிறகு எங்கே போவது? முதலில் பாரதி பூங்காவை ஒட்டிய புதுச்சேரி அருங்காட்சியகம். அரிக்கமேட்டு மணிகளும் ஓடுகளும் அங்கேதான் இருக்கின்றன, திங்கட்கிழமை விடுமுறை. அடுத்து அரிக்கமேடு: கடலூர் போகும் பேருந்தில் அரியாங்குப்பத்தில் இறங்கி ஆட்டோ. காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் கொண்டு போங்கள், மூடிய செருப்பு போடுங்கள், முள் உண்டு. மேற்கே விழுப்புரம் சாலையில் திருபுவனை. அங்குள்ள பெருமாள் கோயில் கல்வெட்டு, 1048இல் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. தெற்கே பாகூர், பல்லவ மன்னன் நிருபதுங்கன் ஒரு வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த செப்பேடு அந்த ஊரைச் சேர்ந்தது. கோயிலில் எழுத்தைத் தடவிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள், சுண்ணாம்போ மாவோ பூசிப் படிக்க முயலவே கூடாது.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. பிரெஞ்சு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களின் ஒளிப்படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் உள்ளன, 1950களிலிருந்து எடுத்தவை. வருவதற்கு முன்பே மின்னஞ்சலில் உங்கள் ஊர்க் கோயில் பெயரை எழுதிக் கேளுங்கள். வெள்ளையும் வண்ணமும் அடிப்பதற்கு முன்னால் உங்கள் குலதெய்வக் கோயில் எப்படி இருந்தது என்று பார்க்கக் கிடைத்தாலும் கிடைக்கும்.

கடலூரை விட்டுவிடாதீர்கள். நகரப் பேருந்தில் 'குண்டு உப்பலவாடி' என்று பலகை பார்ப்பீர்கள். குண்டு ரவுடி யாரோ என்று நினைத்தேன், நானும் ஒரு சொற்பொழிவில்தான் தெரிந்துகொண்டேன். 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி மராட்டியரிடமிருந்து வாங்கியது. பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலமும் சேர்த்து என்பது பேச்சு. பல திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்தவை குண்டு கிராமங்கள். அப்போது சென்னை ஆளுநர் எலிஹு யேல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துவிட்டதால் கோட்டையில் இன்று பார்க்க அதிகமில்லை, ஊர்ப் பெயர் மட்டும் நிற்கிறது. அதேபோலக் கரையேறவிட்டகுப்பம்: கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறிய இடம் என்பது ஊர் நம்பிக்கை.

இனி கறாரான விஷயம். அரிக்கமேட்டில் மழை பெய்த மறுநாள் மண்ணில் மணி மின்னும், சிறுவர்கள் கொண்டுவந்து நீட்டவும் செய்வார்கள். எடுக்காதீர்கள், வாங்காதீர்கள். நூறு ஆண்டு தாண்டிய தொல்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஓலைச்சுவடிக்கு 75 ஆண்டுதான் கணக்கு. பாட்டி வீட்டுப் பரணில் கிடந்த சுவடியும் இதில் அடங்கும். புதிதாக வார்த்த வெண்கலச் சிலை வாங்கினால் ரசீதோடு, தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறை தரும் சான்றையும் வாங்கி வையுங்கள். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர்களுக்குச் செஞ்சி போன்ற இடங்களில் இந்தியருக்கான நுழைவுக் கட்டணம்தான், அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

மாதம் என்றால் மார்கழியிலிருந்து மாசி வரை நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்தால் கூட்டமும் கிடையாது, அரிக்கமேட்டுப் பாதையும் சேறு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் கரையைக் கடந்தது எங்கள் தலைமேல்தான். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை புதுச்சேரியில் பல கடைகள் மூடியிருக்கும், அந்த நேரத்தில் தூங்கிவிட்டால் மாலை உரையில் கொட்டாவி வராது. மாலை ஆறுக்கு மேல் கடற்கரைச் சாலைக்குள் வண்டி விட மாட்டார்கள், அந்தப் பக்கம் அரங்கம் என்றால் முன்பே இறங்கி நடக்க வேண்டியிருக்கும். கடலூரில் கூட்டம் எட்டரைக்கு முடிந்தாலும் கவலை இல்லை, புதுச்சேரிக்குப் பேருந்து வந்துகொண்டேதான் இருக்கும். ஜன்னல் ஓரம் பிடித்துக்கொள்ளுங்கள்.