பிரெஞ்சு பையரோடு பங்கு சேரும் முன் பார்க்க வேண்டிய பேப்பர்கள்

திருப்பூர், கரூர் பக்கம் மாமன் மச்சான் சேர்ந்து, 1932 பார்ட்னர்ஷிப் சட்டத்தில் டீட் போட்டு நடத்துகிற கம்பெனிகள் நிறைய. பல வருடமாகத் துணி வாங்கிய பிரெஞ்சு பையர் ஒருநாள் "பாரிஸில் நாமே சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்து ஆன்லைனில் விற்கலாமா" என்று கேட்டால், நம் ஆட்கள் எடுத்ததும் பேசுவது பங்கு எத்தனை சதவீதம் என்பதைத்தான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் என்ன எழுத்து வருகிறது (அது என்ன வகைக் கம்பெனி என்று சொல்வது அந்த எழுத்துதான்), வாடிக்கையாளர்களின் டேட்டா யார் கையில் இருக்கப்போகிறது, இந்த இரண்டும் தெரிந்த பிறகு சதவீதம் பேசலாம்.

எழுத்திலிருந்து ஆரம்பிப்போம். எஸ்என்சி என்று இருந்தால் அது கிட்டத்தட்ட நம் பார்ட்னர்ஷிப்தான்: கம்பெனி கடனுக்குப் பங்காளிகள் சொந்தச் சொத்து வரைக்கும் பொறுப்பு. கடன் கொடுத்தவர் முதலில் கம்பெனிக்கு முறைப்படி நோட்டீஸ் விட வேண்டும். எட்டு நாளில் பணம் வரவில்லை என்றால் பங்காளிகளில் யாரை வேண்டுமானாலும் முழுத் தொகைக்கும் பிடிக்கலாம். அதுவும் போக, 2022-ல் வந்த நம் ஊர் வெளிநாட்டு முதலீட்டு விதிகள், பொதுவாகப் பொறுப்புக்கு வரம்பு உள்ள வெளிநாட்டுக் கம்பெனியில்தான் முதல் போட விடுகின்றன. அதனால் பையர் எஸ்என்சி என்று சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு ஆடிட்டரைப் பாருங்கள்.

மிச்சம் இருப்பது பொறுப்புக்கு வரம்பு உள்ள இரண்டு வகை: எஸ்ஏஆர்எல், எஸ்ஏஎஸ். இரண்டிலும் நஷ்டம் வந்தால் போட்ட முதலோடு போயிற்று. எஸ்ஏஆர்எல்லில் நூறு பங்காளிகள் வரை இருக்கலாம். வெளியாளுக்குப் பங்கை விற்க மற்றவர்கள் சம்மதம் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எஸ்ஏஎஸ்ஸில் பெரும்பாலானவற்றை நீங்கள் எழுதுகிற விதிகளே முடிவு செய்யும், அதனால் அந்த விதிகளை ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்து வாங்கிப் படியுங்கள். இரண்டையுமே 1 யூரோ முதலில்கூட ஆரம்பிக்கலாம், ஆகவே எழுத்தைப் பார்த்துப் பெரிய கம்பெனி என்று மயங்க வேண்டாம். ஏற்கெனவே நடக்கிற கம்பெனி என்றால் சமீபத்திய 'கேபிஸ்' என்கிற கம்பெனிப் பதிவுச் சான்று கேளுங்கள். அதில் உள்ள ஒன்பது இலக்க சிரென் என்கிற கம்பெனி அடையாள எண்ணை பிரெஞ்சு அரசின் தளத்திலேயே இலவசமாகச் சரிபார்க்கலாம். இங்கிருந்து பணம் அனுப்புவது உங்கள் பேங்க் வழியாக, வெளிநாட்டு முதலீட்டுக்கான ஃபார்ம் எஃப்சி கொடுத்துத்தான். ஹவாலா யோசனை சொல்கிற சொந்தக்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, இப்போது டேட்டா. பல பேர் கவனிக்காமல் விடுகிற இடம் இதுதான். ஆர்டர் வந்ததும் பாரிஸிலிருந்து ஒரு எக்செல் வரும்: பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர். மெர்ச்சண்டைசர் அதை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார், பேக்கிங் செக்‌ஷனில் பிரிண்ட் எடுத்து மேஜையில் ஒட்டுவார்கள், டி-ஷர்ட்டில் பெயர் அச்சடிக்க அதே ஷீட் வெளியே ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் போகும். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய டேட்டா பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் (அவர்கள் ஆர்ஜிபிடி என்பார்கள்) கணக்கில் இதில் ஒவ்வொரு கையும் ஒரு பொறுப்பு.

டேட்டா எதற்கு, எப்படி என்று முடிவு செய்வது பாரிஸ் கம்பெனி மட்டும்தான், நீங்கள் அவர்கள் சொன்னபடி பார்சல் அனுப்பி வைப்பவர் மட்டும்தான் என்றால், ஜிடிபிஆரின் 28-ஆம் பிரிவின்படி எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். இந்தியாவுக்கு ஐரோப்பிய கமிஷனின் 'போதுமான பாதுகாப்பு' அங்கீகாரம் இல்லாததால், அதோடு 2021-ல் அந்தக் கமிஷனே எழுதி வெளியிட்ட நிலையான ஒப்பந்த விதிகளையும் சேர்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதன்படி, பாரிஸ் கம்பெனியின் அனுமதி இல்லாமல் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு அந்த ஷீட் போகக்கூடாது. டேட்டா கசிந்தால் அவர்கள் 72 மணி நேரத்துக்குள் சிஎன்ஐஎல் என்கிற அங்குள்ள ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும், எனவே நீங்கள் தெரிந்த உடனே சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றெல்லாம் இருக்க முடியாது.

இணையதளத்தை இரண்டு பேரும் சேர்ந்தே நடத்தி, யாருக்கு ஆஃபர் மெயில் போவது என்பதையும் சேர்ந்தே முடிவு செய்தால் 26-ஆம் பிரிவு வரும்: கூட்டுப் பொறுப்பு. யார் எதைச் செய்வது என்று எழுதி வைக்க வேண்டும், ஆனால் அந்த எழுத்து வாடிக்கையாளரைக் கட்டாது. அவர் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், நஷ்டஈடு முழுவதையும் ஒருவரிடமே கேட்கவும் இடம் உண்டு.

சிக்கல் இங்கேதான். பாரிஸில் எஸ்ஏஎஸ் ஆரம்பித்ததால் பங்காளியாக உங்களுக்கு வரம்பு இருக்கிறது. ஆனால் டேட்டாவைக் கையாள்வது திருப்பூர் கம்பெனி; அதன் பொறுப்பு தனிக்கணக்கு. அந்தக் கம்பெனி சாதாரண டீட் போட்ட பார்ட்னர்ஷிப்பாக இருந்தால், அதன் மேல் விழுகிற தொகை உங்கள் வீடு, தோட்டம் வரை வரலாம். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் புறக்கடையைத் திறந்து போட்ட கதைதான். இந்த வேலையைத் தனியாக ஒரு எல்எல்பி (பொறுப்புக்கு வரம்பு உள்ள பார்ட்னர்ஷிப்) அல்லது பிரைவேட் லிமிடெட்டில் வைப்பதே என் அபிப்பிராயம். எப்படிப் பிரிப்பது என்பதை வக்கீலிடம் கேட்டுச் செய்யுங்கள்.

செலவில்லாத வேலைகளும் உண்டு. வாட்ஸ்அப் குரூப்பை நிறுத்திவிட்டு, பாஸ்வேர்டு உள்ள ஒரே ஃபோல்டரில் ஷீட்டை வையுங்கள். அச்சுக்குப் பெயரும் சைஸும் மட்டும் போனால் போதும், முகவரி எதற்கு? பார்சல் போய்ச் சேர்ந்து, ரிட்டர்ன் காலமும் முடிந்த பிறகு ஷீட்டை எப்போது அழிப்பது என்று பாரிஸிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, டேட்டா என்றால் பிரெஞ்சுக்காரர்களுடையது மட்டும் அல்ல. தொழிலாளர்களை எப்படி நடத்துகிறோம் என்று பார்க்கிற சோஷியல் ஆடிட்டுக்காக நம் டெய்லர்களின் லிஸ்ட்டும் ஆதார் நகலும் அங்கே போகிறதே, அதைப் பாரிஸ் கம்பெனி தன் வேலைக்காக வைத்துக்கொண்டால் அதற்கும் ஜிடிபிஆர் உண்டு, ஆள் எந்த ஊர் என்று சட்டம் பார்ப்பதில்லை. அதனால் வயதுக்கு ஆதாரம் கேட்டால் வயது தெரிகிற அளவுக்கு மட்டும் கொடுங்கள். ஆதார் எண்ணைக் கடைசி நாலு இலக்கம் தவிர மறைத்துவிட்டு அனுப்பச் சொல்லி ஹெச்ஆரிடம் இன்றைக்கே சொல்லிவிடலாம்.