கடும் பயிற்சிக்குப் பின் வரும் தலைவலி: காரணத்தைப் பிரித்தறிவது எப்படி?

காவிரிப் படுகையின் ஊர்களில் காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் தயாராகும் பிள்ளைகள் விடியற்காலையில் ஆற்றங்கரைச் சாலைகளிலும் பள்ளி மைதானங்களிலும் ஓடுகிறார்கள். மாலையில் கயிறு ஏறுகிறார்கள், கபடி ஆடுகிறார்கள். பயிற்சி முடிந்து உட்கார்ந்ததும் நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறிக்கும் வலியை வெயிலின் மேல் போட்டுவிட்டு, மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த வலிக்கு வெயில் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பல காரணங்களுள் அது ஒன்றுதான். வலி எந்த நேரத்தில் தொடங்கியது, தலையின் எந்தப் பகுதியில் நிற்கிறது, அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் என்ன உண்டோம், என்ன குடித்தோம் என்பவற்றைக் கவனித்தால் பெரும்பாலான காரணங்களை நாமே ஊகித்துவிட முடியும்.

முதலில் விலக்க வேண்டியவை

ஆபத்தான காரணங்கள் அரிதானவை. ஆனாலும் அவற்றை விலக்கிய பிறகே மற்றவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும், வாழ்நாளில் இதுவரை கண்டிராத அளவுக்குக் கடுமையான தலைவலி, மூளையைச் சுற்றியுள்ள இரத்தக்குழாய் வெடித்ததன் அடையாளமாக இருக்கலாம். வலியோடு கழுத்து விறைப்பு, தொடர் வாந்தி, நினைவு தடுமாறுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, இரட்டைப் பார்வை, வலிப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று சேர்ந்தாலும், கழுத்தின் ஒரு பக்கம் திடீரென வலித்து அது தலைக்கு ஏறினாலும், ஓய்வெடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைத்து, தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைப் போல சி.டி. ஸ்கேன் வசதியுள்ள இடத்துக்குச் செல்ல வேண்டும்.

வெயிலில் பயிற்சி செய்தவர் தலைவலியோடு உளறினாலோ, தள்ளாடினாலோ, உடல் நெருப்பாய்ச் சுட்டாலோ அதை வெப்பவாதம் என்றே கொள்ள வேண்டும். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இந்நிலையில் வியர்வை நின்றிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஓடிக்கொண்டிருந்தவருக்கு வியர்த்தபடியேகூட இது வரும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

நடுவயதைக் கடந்தவர்களுக்கு, அதிலும் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு, வேகமாக நடக்கும்போது தலை வலித்து, நின்றதும் வலி குறைவது வழக்கமானால், அது இதயத்துக்குப் போதிய இரத்தம் செல்லாததாலும் இருக்கலாம். நெஞ்சு வலிக்கவில்லையே என்று விட்டுவிடாமல் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும்.

புழுக்கமும் நீரும்

கடலோரக் காற்றிலும் வயல்வெளியிலும் ஈரம் மிகுந்திருப்பதால், படுகையில் வியர்வை உலர்வதில்லை, சொட்டி விழுகிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிரும் என்பதால், இங்கே உடல் மேலும் மேலும் வியர்த்தும் போதிய அளவு குளிர்வதில்லை. கடுமையாக ஓடுபவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் நீரை இழக்கக்கூடும். இவ்வகைத் தலைவலி பெரும்பாலும் தலை முழுவதும் பரவி மந்தமாக இருக்கும். எழுந்து நின்றால் கிறுகிறுக்கும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும்.

ஐயமறத் தெரிந்துகொள்ள எளிய வழி, பயிற்சிக்கு முன்பும் பின்பும், பின்னதில் வியர்வையைத் துடைத்த பிறகு, அதே ஆடையோடு எடை பார்ப்பதாகும். குறைந்த ஒரு கிலோ ஏறத்தாழ ஒரு லிட்டர் நீருக்குச் சமம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.2 கிலோவுக்கு மேல், அதாவது எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால், அவர் குடித்த நீர் போதவில்லை என்று பொருள். உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம் ஆகியவை இதற்கு நல்லவை. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால் மிகுதியாக வியர்த்த நாளில் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால், அதில் அச்சிட்டுள்ள அளவு நீரில் கரைத்துக் குடிக்கலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நீண்ட ஓட்டத்தின் நடுவே தாகத்தை மீறி வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து, தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகியவை வரும். பயிற்சிக்குப் பின் எடை கூடியிருந்தால் இதைத்தான் ஐயுற வேண்டும். அப்போது மேலும் தண்ணீர் கொடுப்பது கெடுதலாகும், மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

வெறும் வயிறும் காப்பியும்

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் மறுநாள் ஐந்து மணிக்கு எதுவும் உண்ணாமல் ஓடினால், தலைவலியோடு கைநடுக்கமும் எரிச்சலும் சேரக்கூடும். ஓட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம் தின்று பார்த்து வலி வராவிட்டால் காரணம் தெரிந்துவிடும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் இப்படிச் சோதித்துக்கொண்டிராமல், வலி வரும்போதே சர்க்கரை அளவைப் பார்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

காப்பியைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. எழுந்ததும் டிகிரி காப்பி, முற்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பழகிய வீடுகள் நம் பகுதியில் ஏராளம். நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் பழகிய உடலுக்கு அது திடீரென நின்றால், 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரும். உடற்பயிற்சி தொடங்கிய அதே வாரத்தில் உடல்நலம் கருதிக் காப்பியையும் நிறுத்தியவர், பயிற்சியின் மீது பழி போடுகிறார். ஒரேயடியாக நிறுத்தாமல், சில நாட்களுக்கு ஒரு வேளை வீதம் குறைத்துவந்தால் இந்த வலி தவிர்க்கப்படும். மாறாக, ஜிம்மில் பயிற்சிக்கு முன் குடிக்கும் பொடிகள் பலவற்றில் காஃபீன் மிகுதியாக இருப்பதால், அவற்றைக் குடிக்கும் நாளில் மட்டும் வலி வருகிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

மூச்சும் கழுத்தும்

கயிறு ஏறும்போதும் பளு தூக்கும்போதும் மூச்சைப் பிடித்து முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இரத்த அழுத்தம் கணப்பொழுதில் உயர்ந்து, தலை இடிக்கத் தொடங்கும். தூக்கும்போது மூச்சை வெளியே விட்டு, இறக்கும்போது உள்ளே இழுக்கும் பழக்கம் வந்தால் இது பெரும்பாலும் அடங்கும். முக்கினாலும் இருமினாலும் குனிந்தாலும் ஒவ்வொரு முறையும் பிடரி வலிப்பவர் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

பிடரியிலிருந்து நெற்றி நோக்கி ஏறும், கழுத்துத் தசையை அழுத்தினால் கூடும் வலி, கழுத்தை விறைப்பாக வைத்துப் பயிற்சி செய்ததால் வருவது. ஒரு பக்கம் துடித்து, வெளிச்சத்தையும் ஓசையையும் தாங்க முடியாமல் குமட்டினால், அது பயிற்சியால் தூண்டப்பட்ட ஒற்றைத் தலைவலி. குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

எதுவும் பொருந்தாதபோது

வேறு எந்த நோயும் இல்லாமல், கடும் பயிற்சியால் மட்டுமே வரும் தலைவலி என்று ஒரு வகை உண்டு. பன்னாட்டுத் தலைவலிச் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, இது பயிற்சியின்போதோ பயிற்சிக்குப் பின்னரோ தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நின்றுவிடும். வெப்பமான நாட்களில் அதிகம் வரும். 7 நிமிடத்தில் 1500 மீட்டர் என்ற காவலர் தேர்வின் இலக்கை நோக்கி, உடலைச் சூடேற்றாமல் முதல் சுற்றிலேயே முழு வேகத்தில் ஓடுபவர்கள், பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடித் தொடங்கிப் பார்க்கலாம். எனினும் முதல் முறை வந்த வலிக்கு இந்தப் பெயரை நாமே சூட்டிக்கொள்ளக் கூடாது. மற்ற காரணங்களை மருத்துவர் விலக்கிய பிறகே அது உறுதியாகும்.

காரணம் தேடும் நாட்களில் ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நீரையும் உணவையும் நேரத்தையும் ஒன்றாக மாற்றினால் எதனால் வலி நின்றது என்று தெரியாது. வலி வந்த நேரம், இடம், அன்றைய பயிற்சி, உண்டது, குடித்தது, உறங்கிய நேரம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டு அந்தக் குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடலில் நீர் வற்றியிருக்கும்போது ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தேவையானால் பாராசிட்டமால் போதும். அதையும் மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ எடுத்து, அப்படியே மூன்று மாதம் கடந்துவிட்டால், மாத்திரையாலேயே தலைவலி வரத் தொடங்கும். பயிற்சித் தலைவலிக்கு மருத்துவர்கள் இண்டோமெத்தசின் தருவதுண்டு. அது வயிற்றைப் புண்ணாக்கக்கூடிய மருந்து என்பதால், நண்பருக்கு எழுதித் தந்த சீட்டைக் காட்டி வாங்காதீர்கள்.