சங்கரா மீன் சுட வீட்டிலேயே கரி

காசிமேட்டில் மீனைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, பாதி தூளாக இருக்கும் கரி மூட்டைக்குக் காசு கொடுப்பது எனக்குப் பிடிக்காது. கரியை நாமே சுட்டுக்கொள்ளலாம்.

விறகுத் தொட்டியில் நன்றாகக் காய்ந்த சவுக்கு அல்லது சீமைக்கருவேலம் கேளுங்கள். துறைமுகப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் பெட்டிப் பலகை வேண்டவே வேண்டாம். அதில் மருந்து ஏறியிருக்கலாம். பெயின்ட் அடித்த மரமும் ஆகாது.

கட்டைகளை மணிக்கட்டுப் பருமனில் வெட்டி, மூடியுள்ள இரும்பு டின்னில் நெருக்கமாக அடுக்குங்கள். துத்தநாகம் பூசிய டின் கூடாது, சூட்டில் நச்சுப் புகை விடும். டின்னின் அடியில் நாலைந்து துளைகள் கட்டாயம். இல்லாவிட்டால் உள்ளே வாயு அடைத்து வெடிக்கும். அடியில் காற்றுத் துளைகள் போட்ட பெரிய டிரம்முக்குள், செங்கல் மேல் டின்னை வைத்து, சுற்றிலும் சில்லறை விறகு போட்டுக் கொளுத்துங்கள்.

இனி புகைதான் கணக்கு. முதலில் அடர்ந்த வெள்ளைப் புகை: அது ஈரம். பிறகு மஞ்சளாகிக் கண் எரியும். அடுத்து, துளை வழியே வரும் வாயுவே தீப்பிடித்துச் சீறும்; அப்போது வெளி விறகு அதிகம் வேண்டாம். அந்தச் சீற்றம் அடங்கினால் கரி தயார். துளைகளைக் களிமண்ணால் அடைத்து, இரவு முழுவதும் ஆறவிடுங்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு அத்தனையும் சாம்பல்.

நல்ல கரி தட்டினால் 'கிணிங்' என்று ஒலிக்கும். பத்து கிலோ விறகுக்கு இரண்டு கிலோ, மிஞ்சினால் இரண்டரை.

நெருக்கமான சந்துகளில் இதைச் செய்து அக்கம்பக்கத்தாரிடம் வசவு வாங்காதீர்கள். திறந்த இடம் பாருங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.